66வது மூவில் கையைத் தூக்கிவிட்டான்: காரைக்குடி யானை ஆட்டம் நியாயமான டிராதானா?

கோட்டையூர்க் குதிரை:

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் 1800க்குக் கீழ் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) உள்ளவர்களுக்கான செஸ் போட்டி முடிந்தது. கடைசிச் சுற்றில் இரண்டாம் போர்டை நின்றே பார்த்தேன், கால் வலி இன்னும் போகவில்லை. வெள்ளை 1705, கறுப்பு 1698. இரண்டு பையன்களுமே நம்ம பக்கம்தான், சின்ன வயதிலிருந்தே மோதிக்கொள்கிறார்கள், யார் கை ஓங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ராணிகள் சீக்கிரமே மாறிவிட்டன. 34வது மூவுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு யானை, வெள்ளைக்கு நாலு சிப்பாய், கறுப்புக்கு மூணு, எல்லாம் ராஜா பக்கமே. அதிலிருந்து வெள்ளை விடாமல் அழுத்தினான். சிப்பாய்கள் ஒவ்வொன்றாக மாறி 61ல் மிச்சம் இருந்தது இவ்வளவுதான் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை): வெள்ளை ராஜா இ5, யானை ஏ7, சிப்பாய் எஃப்5. கறுப்பு ராஜா எஃப்8, யானை பி6.

அப்புறம் நடந்தது: 62. யானை ஏ8 செக், ராஜா எஃப்7. 63. யானை ஏ7 செக், ராஜா எஃப்8. 64. யானை டி7, யானை ஏ6. 65. யானை பி7, யானை சி6. 66. யானை ஏ7. இப்போது கறுப்பு, காயைத் தொடவே இல்லை. மூவ்களை எழுதும் ஷீட்டில் ஏதோ எழுதினான், கடிகாரத்தை நிறுத்தினான், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். அவர் வந்து இரண்டு ஷீட்டையும் வாங்கிப் பார்த்து, டிரா என்று சொல்லிவிட்டார்.

பின்னால் நின்றவர்களுக்குச் சமாதானம் ஆகவில்லை. தொடர்ந்து மூணு தடவை வரவே இல்லையே, நடுவில் யானை எங்கெங்கோ சுற்றியதே, அதோடு மூவே ஆடாமல் எப்படி டிரா கேட்கலாம் என்று ஒரே சலசலப்பு. விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளை எங்கேயாவது வெற்றியைக் கோட்டை விட்டானா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

புதுவயல் புயல்:

கடைசிச் சுற்று, ஆளுக்கு அரைப் புள்ளி, ரெண்டு பேருக்கும் பரிசு. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? பேசி வச்சு ஆடுனதுதான்.

தேவகோட்டை நடுவர்:

அந்தப் போட்டியில் நான் நடுவராக இல்லை, ஆனால் வேறு போட்டிகளில் இருக்கிறேன், அதனால் விதியை மட்டும் சொல்கிறேன்.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். அது தொடர்ந்து வர வேண்டும் என்று எங்கும் இல்லை. 20வது மூவில் ஒரு தடவை, 35ல் ஒரு தடவை, 50ல் ஒரு தடவை வந்தாலும் செல்லும். "மூவ் திரும்பத் திரும்ப வந்தால் டிரா" என்று நம்ம ஊரில் சொல்லிச் சொல்லியே குழப்பி வைத்திருக்கிறோம். மூவைப் பார்ப்பதில்லை, நிலையைத்தான் பார்ப்போம். யானை எந்த வழியாகச் சுற்றி வந்தது என்பது கணக்கே இல்லை.

ஒரே நிலை என்றால், அதே கட்டங்களில் அதே வகைக் காய்கள் இருக்க வேண்டும், அடுத்து ஆட வேண்டியவரும் அதே ஆளாக இருக்க வேண்டும், எல்லாக் காய்களுக்கும் உள்ள நகர்வு வாய்ப்புகளும் மாறாமல் இருக்க வேண்டும். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமை முதல் தடவை இருந்து பிறகு போய்விட்டால் அது வேறு நிலை. ஆன்பாசான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை உடனே அடுத்த மூவில் சிப்பாயால் வெட்டுவது) வாய்ப்பும் அப்படித்தான். இந்த ஆட்டத்தில் அந்தச் சிக்கல் எதுவுமில்லை. கறுப்பின் 61வது மூவுக்குப் பிறகு ஒன்று, 63க்குப் பிறகு இரண்டு, 66ல் யானையை பி6க்குக் கொண்டுவந்தால் மூன்று. மூன்று முறையும் அடுத்து ஆட வேண்டியது வெள்ளை. கணக்கு சரி.

மூவை ஆடாமல் எழுதியதும் சரி. சொல்லப்போனால் அப்படித்தான் செய்ய வேண்டும். தன் மூவால் மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அந்த மூவை ஷீட்டில் எழுதி, இதை ஆடப்போகிறேன், டிரா கேட்கிறேன் என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். ஆடிவிட்டுக் கடிகாரத்தையும் அமுக்கிவிட்டால் அந்த மூவுக்கான உரிமை போச்சு. காயைத் தொட்டாலே போச்சு. எதிராளியின் மூவால் வந்திருந்தால், நம் காயைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

கேட்டது தப்பு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்போம், எழுதின மூவையே ஆட வேண்டும், ஆட்டம் தொடரும்.

கோட்டையூர்க் குதிரை:

நன்றி ஐயா. யாருமே கேட்காமல் ஆடிக்கொண்டே போனால்?

தேவகோட்டை நடுவர்:

ஐந்தாம் முறை வந்தால் யாரும் கேட்க வேண்டாம், நடுவரே நிறுத்துவார். சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் ஆளுக்கு 50 மூவ் போனால் கேட்டு வாங்கலாம். 75 ஆனால் தானாகவே டிரா, 75வது மூவே செக்மேட்டாக இருந்தால் மட்டும் மேட் செல்லும்.

பட்டாலை ராஜா:

விதி முடிந்தது, இனி ஆட்டத்துக்கு வருவோம். கடைசி நிலை பிலிடோர் தற்காப்பு, அச்சு அசல். பிலிடோர் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர், இசையமைப்பாளரும்கூட. கறுப்பு யானை ஆறாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளை ராஜாவை அந்த வரிசைக்குள் கால் வைக்க விடாது, அவ்வளவுதான் வேலை. சிப்பாய் எஃப்6க்கு ஏறினால் ராஜா ஒளிய அந்தக் கட்டம் இல்லாமல் போகும், உடனே யானை பி1க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் மேல் செக். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால்தான் ஆபத்து.

61க்குப் பிறகு வெள்ளை என்ன ஆடினாலும் டிராதான். அதனால் வெள்ளை கோட்டை விட்டானா என்ற கேள்வி அதற்கு முந்தின 27 மூவுக்குத்தான் பொருந்தும். புயல் தம்பி, பேசி வைத்து ஆடுகிறவர்கள் 15வது மூவில் கை கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போவார்கள், 66 வரை உட்கார மாட்டார்கள்.

புதுவயல் புயல்:

நாடகம் தத்ரூபமா இருக்கணும்னா 66 மூவும் ஆடுவாங்க அண்ணே.

பள்ளத்தூர் ஆச்சி:

புயல் தம்பி, முடிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசலாம். இரண்டு பேரும் ஆறரையில் இருந்தார்கள். முதல் போர்டு டிராவில் முடிந்து அங்கே முதலில் இருந்தவர் ஏழரை எடுத்துவிட்டார், அது இவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே தெரியும். இங்கே ஜெயித்தவன் ஏழரையோடு முதலிடத்துக்கு மோதியிருப்பான். டிராவானதால் இருவரும் ஏழு, சமப் புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்தும் பூக்கோல்ஸ் கணக்கில் ஒருவன் நாலாமிடம், இன்னொருவன் ஆறாமிடம். பேசி வைத்து ஆடினால் இந்த முடிவையா தேர்ந்தெடுப்பார்கள்?

கடைசிச் சுற்றில் சட்டென்று கை கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, எனக்கும் அது பிடிக்காது. அதற்குத்தான் பெரிய போட்டிகளில் இத்தனை மூவுக்கு முன் டிரா பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள். பல்கேரியாவின் சோஃபியாவில் 2005லிருந்து நடந்த போட்டியில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் டிரா பேசவே கூடாது என்று வைத்தார்கள், அதனால்தான் சோஃபியா விதி என்ற பெயர். ஆனால் எந்த விதி வந்தாலும் மூன்று முறை ஒரே நிலை வந்தால் டிரா என்பதை யாராலும் எடுக்க முடியாது.

இனி ஆட்டம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் 4க்கு 3 யானை முடிவாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கம் இருந்தால் அது பொதுவாக டிரா. கறுப்பு எஃப்7, ஜி6, எச்5 என்று சிப்பாயை வைக்க வேண்டும். அந்த எச்5தான் உயிர். அது இருந்தால் வெள்ளை ஜி4 தள்ளும்போது ஒரு ஜோடி மாறியே தீரும், சிப்பாய் குறையக் குறையத் தற்காப்புக்கு லாபம். ஹேஸ்டிங்ஸில் 1930-31 போட்டியில் கேப்பபிளாங்காவுக்கும் யேட்ஸுக்கும் இதே 4க்கு 3 வந்தது. யேட்ஸ் எச்5 வைப்பதற்குள் கேப்பபிளாங்கா ஜி4 தள்ளிவிட்டார், கடைசியில் ஜெயித்தும் விட்டார். இந்தப் பையன் எச்5 வைத்தானா, அது எப்போது என்று குதிரை தம்பி சொன்னால் மீதியைச் சொல்லலாம்.

கோட்டையூர்க் குதிரை:

வைத்தான் ஆச்சி. 35வது மூவே எச்5. 43ல் வெள்ளை ஜி4, ஒரு ஜோடி மாறியது.

பள்ளத்தூர் ஆச்சி:

அப்போ பையன் படித்துவிட்டு வந்திருக்கிறான். 43 ஜி4 எனக்குச் சரியாகப் படவில்லை. கூடுதல் சிப்பாய் வைத்திருப்பவன் அவசரப்பட்டுச் சிப்பாய்களை மாற்றக் கூடாது, ராஜாவை நல்ல இடத்துக்குக் கொண்டுபோய் எதிராளியை இன்னும் பத்துப் பதினைந்து மூவ் சும்மா காத்திருக்க வைத்திருக்கலாம். டிரா டிராதான், ஆனால் காத்திருப்பதுதான் 1700 ரேட்டிங்கில் கஷ்டம்.

ஆத்தங்குடிக் கட்டம்:

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் போட்டுப் பார்த்தேன், 34லிருந்து 66 வரை கிட்டத்தட்ட முழுக்க 0.00 பக்கம்தான் நிற்கிறது. ஜி4 ஆடினாலும் அதே, ஆடாவிட்டாலும் அதே. பிறகு என்ன பேச்சு?

பட்டாலை ராஜா:

அதுதான் தம்பி, 0.00 என்ற நம்பரைப் பார்த்துவிட்டு ஆட்டம் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொள்கிறீர்கள். எஞ்சின் 0.00 காட்டினால், இரண்டு பக்கமும் சரியாக ஆடினால் டிரா என்று அர்த்தம். சரியான மூவ் ஐந்து இருந்தாலும் 0.00, ஒன்றே ஒன்று இருந்தாலும் 0.00.

கடைசி நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கறுப்பு அசந்து யானையை பி1க்கு இறக்கிவிட்டான் என்று வையுங்கள். வெள்ளை ராஜா எஃப்6க்கு வந்து உட்காரும், அடுத்து ஏ8ல் யானை வந்தால் மேட். அப்போதும் டிரா இருக்கிறது, ஆனால் ராஜாவை நகர்த்துவதானால் ஜி8 பக்கம்தான் ஓட வேண்டும், சிப்பாய்க்குக் குறுகிய பக்கம் அதுதான். யானை தூரப் பக்கத்திலிருந்து, அதாவது ஏ வரிசையிலிருந்து, குறுக்காகச் செக் கொடுக்க இடம் வேண்டும். பயந்துபோய் ராஜாவை இ8க்கு நகர்த்தினால் தோல்வி. கடிகாரத்தில் ஒவ்வொரு மூவுக்கும் கிடைக்கும் முப்பது விநாடி கூட்டல் மட்டும் மிச்சம் இருக்கும்போது ஜி8ஆ இ8ஆ என்று உங்கள் எஞ்சின் வந்து காதில் சொல்லாது.

பெரிய ஆட்களுக்கே இதுதான் கதை. 2024ல் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப், குகேஷ், டிங் லிரென் 14வது ஆட்டம். ஆளுக்கு யானை, மந்திரி, குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. டிராவுக்குப் போய்க்கொண்டிருந்த நிலை, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் டைபிரேக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 55வது மூவில் டிங் யானையை எஃப்2ல் வைத்தார். யானைகள் மாறின, மந்திரியையும் மாற்றக் கட்டாயப்படுத்தலாம், மிஞ்சுவது வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் குகேஷுக்கு வெற்றி. ஏழரைக்கு ஆறரை. ஒரே ஒரு மூவ். அந்தப் போட்டியில் 14ல் 9 ஆட்டம் டிரா, அந்த ஒன்பதையும் சலிப்பு என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

ஆத்தங்குடிக் கட்டம்:

சரி அண்ணே, ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. 2018ல் லண்டனில் உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சன், கருவானா 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. அதையும் தரமான ஆட்டம் என்றா சொல்வீர்கள்? கார்ல்சன் கடைசி ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்தும் 31 மூவில் டிரா கேட்டார், டைபிரேக்கர் ரேப்பிடில் (வேக ஆட்டத்தில்) பார்த்துக்கொள்ளலாம் என்று.

பட்டாலை ராஜா:

அந்த ஒன்றை நானும் திட்டினேன். ரேப்பிடில் மூன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்துக் காட்டினார் என்பது வேறு. ஆனால் முதல் ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள், 115 மூவ். கார்ல்சன் ஜெயிக்கப் பார்த்தார், கருவானா ஏழு மணி நேரம் தாக்குப்பிடித்தார். டிரா என்ற ஒரே பெயரில் இரண்டையும் ஒரு மூட்டையில் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கானாடுகாத்தான் அப்பா:

நடுவில் ஒரு சந்தேகம், ஆட்டம் தெரியாதவன் கேட்கிறேன். என் மகள் ஒன்பது வயது, டிரா செய்துவிட்டு வந்தால் அழுகிறாள். ரேட்டிங் குறையுமா?

தேவகோட்டை நடுவர்:

சம ரேட்டிங் உள்ளவரோடு டிரா செய்தால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. எதிராளி 100 புள்ளி கூட இருந்தால், கணக்குப்படி அவரிடமிருந்து 0.64 எதிர்பார்ப்பு, உங்கள் மகளிடம் 0.36. அரைப் புள்ளி எடுத்தால் 0.14 லாபம். புதிய சின்னப் பிள்ளைகளுக்கு அதை 40ஆல் பெருக்குவார்கள், ஐந்தரைப் புள்ளி போல ஏறும். இந்த இரண்டு பையன்களுக்கும் ஏழு புள்ளிதான் வித்தியாசம், கால் புள்ளி அப்படி இப்படி.

பள்ளத்தூர் ஆச்சி:

ரேட்டிங்கை விடுங்கள் தம்பி. டிரா செய்துவிட்டு வந்தால், எந்த இடத்தில் பயந்தே என்று கேளுங்கள், சொல்லுவாள். என் வகுப்பில் இருபது மூவ் ஓப்பனிங் தெரிந்த பிள்ளைக்கு பிலிடோர் தெரியாது, யானையைக் கொண்டு தடுக்கச் சொன்னால் ராஜா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பெற்றோர்களும் ஓப்பனிங் எத்தனை சொல்லிக்கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். முடிவாட்டம் சொல்லிக்கொடுத்தேன் என்றால் பீஸ் வீண் என்பதுபோல் ஒரு பார்வை.

செக்காலை சிப்பாய்:

எங்க அய்யா முகப்புத் திண்ணையில் ஆடிய ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் மூவில் ரெண்டு கட்டம் கிடையாது. செக் வாங்காத வரைக்கும் ராஜா ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். மூணு தடவை, அம்பது மூவ் எல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. இருட்டும் வரை ஆடுவார்கள், விளக்கு ஏற்றினால் பலகையை அப்படியே வளவுக்குள் எடுத்துப் போய் வைத்துவிடுவார்கள், அதில் கை வைத்தால் எங்களுக்கு அடி.

அன்னிக்கு வெள்ளை:

அந்த 1705 நான்தான். நண்பன் லிங்க் அனுப்பினான். பேசி வைத்த ஆட்டமா இல்லையா என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை, ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

43 ஜி4 பற்றி. காத்திருக்கலாம் என்பது உட்கார்ந்து யோசிக்கும்போது சரி. என்னிடம் ஆறு நிமிடம், அவனிடம் பதினேழு. நான் காத்திருந்தால் அவனும் காத்திருப்பான், என் கடிகாரம்தான் முதலில் தீரும். இவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும், சும்மா யானையை இங்கும் அங்கும் ஆட்டுவதில் இவனுக்குச் சலிப்பே வராது, ஆனால் நிலை திடீரென்று மாறினால் யோசிப்பான். அதற்காகத்தான் மாற்றினேன். 50லிருந்து 54 வரை அவன் ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு நிமிடம் எடுத்தான், அது வேலை செய்யத்தான் செய்தது. இன்னொரு தடவை ஆடினாலும் ஜி4தான்.

61க்குப் பிறகு அந்த ஐந்து மூவ் ஏன் ஆடினேன் என்றும் ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். பிலிடோர் தெரியுமா என்று சோதித்தேன். தெரிகிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

கடிகாரக் கணக்கு நியாயம் தம்பி. ஆனால் முப்பது விநாடி கூட்டல் இருக்கும்போது ஆறு நிமிடம் போதும், காத்திருக்கும் மூவுக்கு யோசிக்கவே வேண்டாமே. எனக்கு இன்னும் ஜி4 பிடிக்கவில்லை.

அன்னிக்கு வெள்ளை:

அடுத்த வாரம் பள்ளத்தூர் வருகிறேன் ஆச்சி, 42வது மூவ் நிலையை வைத்து நீங்கள் வெள்ளை ஆடுங்கள், நான் கறுப்பு.

பள்ளத்தூர் ஆச்சி:

வா. சனிக்கிழமை பிள்ளைகள் நாலு மணிக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வா. ஷீட் எழுத வேண்டும், சொல்லிவிட்டேன்.

புதுவயல் புயல்:

யார் ஜெயிச்சாங்கன்னு இங்கே போடுங்க.

பட்டாலை ராஜா:

நடுவர் ஐயா, அன்றைக்கு ஒரு எட்டு அந்தப் பக்கம் வர முடியுமா? புயல் மறுபடியும் நாடகம் என்று ஆரம்பிப்பார்.

தேவகோட்டை நடுவர்:

சனிக்கிழமை திருமயத்தில் பள்ளிகளுக்கு இடையே போட்டி இருக்கிறது, வர முடியாது. 42வது மூவில் இருந்து ஆரம்பித்தால் அதற்கு முன் வந்த நிலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கிருந்து ஒன்று என்று எண்ணுங்கள்.